பெட்ரோலுக்கு நம்ம ஊர் எத்தனால், கெமிக்கல் ஆலைக்கு அமெரிக்க எத்தனால்: தொழில்துறை ஆல்கஹால் ஏற்றுமதிக் கணக்கை எப்படிப் படிப்பது?

தொழிற்சாலைகளுக்குப் போகும் ஆல்கஹாலை இந்தியா ஏற்றுமதி செய்கிறதா, இறக்குமதி செய்கிறதா?

இரண்டும்தான். கரும்பு விளைச்சலில் உலகின் முதல் இரண்டு நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனாலும் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக எத்தனால் வாங்குகிறது. அதே நேரத்தில், எத்தனாலில் செய்த பொருட்களை ஐரோப்பா வரை விற்கிறது. வணிக அமைச்சகத்தின் புள்ளிவிவரத்தில் 'எத்தில் ஆல்கஹால்' என்ற ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்தால், இந்தக் கதையில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. ஏற்றுமதி குறைந்தால் தொழில் படுத்துவிட்டது என்றும், கூடினால் வளர்ந்துவிட்டது என்றும் எழுதிவிடுவோம். இரண்டுமே தப்பாகப் போக வாய்ப்பு இருக்கு.

முதலில் ஒரு தெளிவு. இங்கே பேசப்போவது மதுக்கடைச் சரக்கைப் பற்றி இல்லை. பெயின்ட், அச்சு மை, பசை, மருந்து, வாசனைத் திரவியம், சானிடைசர் என்று பல பொருட்களில் கரைப்பானாகவோ மூலப்பொருளாகவோ சேரும் எத்தனாலைப் பற்றி. வேதியியல்படி அதுவும் குடிக்கும் சரக்கில் இருக்கும் அதே பொருள்தான். யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதில் கசப்பும் நாற்றமும் தரும் வேதிப்பொருட்களைக் கலக்கிறார்கள். அப்படிக் கலந்ததற்குப் பெயர் டிநேச்சர்டு ஸ்பிரிட்.

மெத்தனால் வேறு ஜாதி. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது அதுதான். உலகில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாராகிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பங்கை இறக்குமதிதான் செய்கிறது. இந்தக் கட்டுரையின் கணக்கில் அது வராது.

2207: எண் சொல்வதும் சொல்லாததும்

உலக வர்த்தகத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எச்.எஸ். குறியீடு உண்டு. எத்தனாலுக்கு 2207. அதற்குள் இரண்டு பிரிவுகள். 80 சதவீதத்துக்கு மேல் வீரியம் உள்ள, எதுவும் கலக்காத எத்தனால் 2207 10. டிநேச்சர்டு எத்தனால் 2207 20.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. இந்தக் குறியீடு சரக்கின் தன்மையைச் சொல்கிறது, பயன்பாட்டைச் சொல்வதில்லை. 2207 10-இல் ஆப்பிரிக்க நாட்டுக்குப் போகும் ஒரு டேங்கர் அங்கே மருந்து ஆலைக்கும் போகலாம், மதுபான ஆலைக்கும் போகலாம். 2207 20-இல் இருப்பது பெயின்ட் ஆலைக்கான கரைப்பானாகவும் இருக்கலாம், வண்டிக்கு ஊற்றும் எரிபொருளாகவும் இருக்கலாம். ஆறு இலக்கத்தில் இதைப் பிரிக்கவே முடியாது. 'தொழில்துறை ஆல்கஹால் ஏற்றுமதி இவ்வளவு' என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தக் குறியீட்டை எடுத்தீங்க என்று முதலில் கேளுங்க.

அலகிலும் கவனம் வேணும். இந்தியக் கணக்கு லிட்டரில், அமெரிக்கக் கணக்கு கேலனில், கெமிக்கல் வியாபாரம் டன்னில். ஒரு கேலன் 3.785 லிட்டர். ஒரு லிட்டர் எத்தனாலின் எடை ஒரு கிலோ இல்லை, சுமார் 789 கிராம். ஆண்டும் மூன்று வகை. வர்த்தகப் புள்ளிவிவரத்துக்கு ஏப்ரல்–மார்ச். அமெரிக்காவுக்கு ஜனவரி–டிசம்பர். நம்ம எத்தனால் வழங்கல் ஆண்டு முன்பு டிசம்பரில் தொடங்கியது, இப்போது நவம்பர் முதல் அக்டோபர் வரை. இவற்றை ஒரே வரைபடத்தில் போட்டு 'போக்கு' என்று காட்டினால் நம்பாதீங்க.

2020-ஐ அடிப்படை ஆண்டாக வைக்கும் வரைபடங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஆண்டு மார்ச்சில் சானிடைசர் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. உள்நாட்டில் 200 மில்லி பாட்டிலுக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பும் வைத்தது. பிறகு படிப்படியாகத் தடையைத் தளர்த்தியது. சானிடைசர் போவது 3808 என்ற வேறு குறியீட்டில். அதில் இருந்த எத்தனால் 2207-இன் கணக்கில் வரவே இல்லை.

பெட்ரோல் டேங்க் இழுத்துக்கொண்டது

ஒரு டன் கரும்பை அரைத்துச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ், அதாவது கழிவுப்பாகு, சுமார் 45 கிலோ. அதை நொதிக்க வைத்துக் காய்ச்சினால் கிடைப்பது 10, 11 லிட்டர் எத்தனால். சர்க்கரையே எடுக்காமல் சாற்றை நேரடியாக எத்தனாலாக்கினால் அதே ஒரு டன் கரும்பு சுமார் 70 லிட்டர் தரும். பல பத்தாண்டுகளாக இந்தியாவின் தொழில்துறை ஆல்கஹால் என்றால் இந்தக் கழிவுப்பாகில் வந்ததுதான். மதுபான ஆலையும் கெமிக்கல் ஆலையும் அதற்காகப் போட்டி போட்டன. மிஞ்சியது ஏற்றுமதிக்குப் போனது.

2003-இல் மூன்றாவதாக ஒரு வாடிக்கையாளர் வந்தார்: பெட்ரோல். ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. பத்து வருஷத்துக்கு அது பெரிதாக நகரவில்லை. 2013-14-இல் கலந்தது 38 கோடி லிட்டர், வெறும் 1.53 சதவீதம். அப்புறம் வேகம் பிடித்தது. 2018-இல் புதிய உயிரி எரிபொருள் கொள்கை. 2022 ஜூனில் 10 சதவீதம். 2023-24-இல் ஏறக்குறைய 700 கோடி லிட்டர். 2025-இல் 20 சதவீதம்.

பத்தாண்டில் 38 கோடி 700 கோடியானால், பழைய வாடிக்கையாளர்கள் என்ன ஆவார்கள்? வரிசையில் பின்னால் தள்ளப்படுவார்கள். ஏற்றுமதி அதற்கும் பின்னால் போகும். உயிரி எரிபொருள் ஏற்றுமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. 2024 ஜனவரியில் மொலாசஸ் ஏற்றுமதிக்கே 50 சதவீத வரி போட்டது. வியட்நாம், தென்கொரியா, நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று போய்க்கொண்டிருந்த சரக்கு அது. ஆக, இந்தப் புள்ளிவிவரத்தில் நீங்கள் பார்க்கும் சரிவுகளில் பல சந்தையில் நடந்தவை இல்லை. அரசிதழில் நடந்தவை.

2023 டிசம்பர் 7 அன்று நடந்தது இன்னும் திடீர். மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி விழும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. எட்டே நாளில் ஓரளவு தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு மட்டும் அனுமதி என்றது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்த ஆண்டுக்கான கட்டுப்பாட்டை முழுசாக நீக்கியது. இப்படிச் சில மாதங்களுக்கு ஒருமுறை விதி மாறும் நாட்டோடு நீண்டகால ஒப்பந்தம் போட எந்த வெளிநாட்டு வாங்குநருக்குத் தைரியம் வரும்?

விலையைப் பாருங்க, கதை புரியும்

எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2024-25-க்கான விலை: கடைசிக் கழிவுப்பாகில் எடுத்ததற்கு லிட்டருக்கு 57.97 ரூபாய். சர்க்கரைச் சத்து அதிகமுள்ள 'பி-ஹெவி' பாகுக்கு 60.73. சாற்றில் எடுத்ததற்கு 65.61. மக்காச்சோளத்தில் எடுத்ததற்கு 71.86.

அமெரிக்காவில்? 2024-இல் எத்தனால் விலை கேலனுக்கு ஒன்றரை டாலரிலிருந்து இரண்டு டாலருக்குள் இருந்தது. டாலர் 84 ரூபாய் என்று போட்டால், லிட்டருக்கு 33 முதல் 44 ரூபாய். கப்பல் வாடகை இதில் சேராது. சேர்த்தாலும் இடைவெளி சட்டென்று மூடாது.

இப்போது இரண்டு பேரின் இடத்தில் நின்று பாருங்க. நீங்கள் உத்தரப் பிரதேசத்தில் வடிப்பாலை வைத்திருக்கிறீர்கள். எண்ணெய் நிறுவனம் உறுதியாக அறுபது ரூபாய் தரும்போது, உலகச் சந்தையில் நாற்பது ரூபாய்க்கு எதற்கு விற்க வேண்டும்? நீங்கள் குஜராத்தில் கரைப்பான் தயாரிக்கும் ஆலை வைத்திருக்கிறீர்கள். உள்ளூரில் அறுபது கொடுத்து வாங்கிச் சீனாவோடு போட்டி போட முடியுமா? அதனால்தான் முதலாமவர் ஏற்றுமதியை மறந்தார், இரண்டாமவர் அமெரிக்கச் சரக்கைத் தேடினார்.

இதற்கு அரசே வழியும் செய்து கொடுத்தது. பெட்ரோலில் கலக்க வெளிநாட்டு எத்தனாலை அனுமதிப்பதில்லை. ஆனால் ஆலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம். 2023 பட்ஜெட்டில் கெமிக்கல் தொழிலுக்கான டிநேச்சர்டு எத்தனால் மீதான அடிப்படைச் சுங்க வரியை நிர்மலா சீதாராமன் ரத்து செய்தார். எத்தனால் கலப்புத் திட்டத்துக்கும் இது துணையாக இருக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. கெமிக்கல் ஆலைகள் வெளிநாட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டால், உள்நாட்டுச் சரக்கு பெட்ரோலுக்கு மிஞ்சும். இன்று அமெரிக்க எத்தனாலை அதிகம் வாங்கும் நாடுகளின் பட்டியலில் கனடா, பிரிட்டனோடு இந்தியாவும் முன்வரிசையில் இருக்கிறது.

வேறு பெயரில் போகும் ஏற்றுமதி

அப்படின்னா ஏற்றுமதியே இல்லையா? இருக்கு. வேறு குறியீட்டில் இருக்கு.

சிப்ஸ் பாக்கெட்டின் மேல் இருக்கும் பளபள அச்சுக்கும், அதன் அடுக்குகளை ஒட்டும் பசைக்கும் எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான் வேண்டும். பெயின்ட், மருந்துத் தயாரிப்பிலும் அது உண்டு. எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்தால் எத்தில் அசிட்டேட். சீனாவுக்கு அடுத்தபடியாக இதைப் பெருமளவில் தயாரிக்கும் நாடு இந்தியா. இதன் குறியீடு 2915 31. மதுவகைகள் வரும் 22-ஆம் அத்தியாயத்தில் இது இல்லை. 29-ஆம் அத்தியாயத்தில், கரிம வேதிப்பொருட்களோடு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. மூலக்கூறு எடைப்படி, ஒரு டன் எத்தில் அசிட்டேட்டுக்குள் 523 கிலோ எத்தனால் போயிருக்கிறது. லிட்டரில் சொன்னால் சுமார் 660. ஆக, 20 டன் ஏற்றிய ஒரு டேங்க் கன்டெய்னர் துறைமுகத்தைத் தாண்டும்போது அதோடு 13,200 லிட்டர் எத்தனாலும் நாட்டை விட்டுப் போகிறது. 2207-இன் வரியில் அது பூஜ்யம். சில ஆலைகள் அசிட்டிக் அமிலத்தையும் எத்தனாலிலிருந்தே எடுக்கின்றன. அங்கே இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

மகாராஷ்டிராவின் மகாடில் லட்சுமி ஆர்கானிக், உத்தரப் பிரதேசத்தின் கஜ்ரௌலாவில் ஜூபிலன்ட் இன்க்ரீவியா, கர்நாடகாவின் சமீர்வாடியிலும் மகாராஷ்டிராவின் சாகர்வாடியிலும் கோதாவரி பயோரிஃபைனரீஸ் ஆகியவை இந்த வரிசையில் வருபவை. உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் எத்தனாலிலிருந்து எத்திலீன் கிளைகாலே செய்கிறது. உலகின் பெரும்பகுதி அதைப் பெட்ரோலியத்திலிருந்துதான் எடுக்கிறது.

வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் இதன் பிராந்திய வடிவம் புரியும். எத்தனால் பெருகும் இடம் உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா, கர்நாடகா. அதைப் பொருளாக்கிக் கப்பலேற்றும் ஆலைகள் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் அதிகம். காரணம், இறக்குமதித் திரவச் சரக்குக்கான பெரிய சேமிப்புத் தொட்டிகள் காண்ட்லா போன்ற மேற்குக் கரைத் துறைமுகங்களில் இருக்கின்றன. கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலைக்கு அமெரிக்க எத்தனால் மலிவு. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலைக்கு அந்தச் சலுகை லாரி வாடகையிலேயே கரைந்துபோகும்.

தமிழ்நாட்டில் ஒரு ஆலை ராணிப்பேட்டையிலிருந்தோ கடலூரிலிருந்தோ கரைப்பான் கலந்த பொருளை ஏற்றுமதி செய்தால், எந்த மாநிலத்தின் கணக்கில் அது சேரும் என்பது ஏற்றுமதி ஆவணத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேறு மாநில வியாபாரி ஒருவர் வாங்கி அனுப்பும்போது இது குழம்பலாம். மாநிலவாரி ஏற்றுமதிப் பட்டியலைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்க.

அனுமதிச் சீட்டு யார் கையில்?

மாநில வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் சட்டம். தொழில்துறை ஆல்கஹாலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கா, மாநிலங்களுக்கா என்று பல ஆண்டுகளாக வழக்கு நடந்தது. 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற கணக்கில் மாநிலங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ள 'போதை தரும் மதுபானம்' என்ற சொல்லுக்குள் தொழில்துறை ஆல்கஹாலும் அடங்கும் என்றது பெரும்பான்மை. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். முன்பு 7 நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு இதனால் ரத்தானது.

கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏற்றுமதியாளரின் மேசையில் இது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அனுமதி, ஒரு கட்டணம், ஒரு கலால் அதிகாரி என்று வந்து நிற்கும். இரண்டு மாநில எல்லையைத் தாண்டித் துறைமுகம் போகும் டேங்கருக்கும், துறைமுகத்திலேயே இறங்கும் அமெரிக்கச் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்க.

பக்கத்து வீட்டில் என்ன நடக்குது?

பாகிஸ்தானிலும் கரும்பு உண்டு, கழிவுப்பாகு உண்டு. ஆனால் அங்கே பெட்ரோலில் எத்தனால் கலப்பது பெரிய அளவில் வேரூன்றவில்லை. அதனால் அங்கே வடிப்பாலைகள் ஏற்றுமதியை நம்பியே வளர்ந்தன. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த வரிச்சலுகை கைகொடுத்தது. சாதாரணமாக அங்கே நுழைய டிநேச்சர்டு எத்தனாலுக்கு 100 லிட்டருக்கு 10.2 யூரோ, மற்றதற்கு 19.2 யூரோ வரி. பாகிஸ்தானுக்கு அது பூஜ்யமாக இருந்தது. தங்கள் ஆலைகள் அடிபடுவதாக பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் முறையிட்டதும், 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாகிஸ்தான் எத்தனாலுக்கான சலுகையை நிறுத்தியது. உள்நாட்டில் வாங்க ஆளில்லாமல் ஏற்றுமதியை மட்டும் நம்பியவர்களுக்கு ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.

பிரேசில் வேறு வழி. பெட்ரோலில் 30 சதவீதம் கலக்கிறது, அப்படியும் மிச்சம் இருக்கிறது. தென்கொரியாவின் ஆலைகள் அந்த எத்தனாலின் முக்கிய வாங்குநர். அமெரிக்காவோ மக்காச்சோள எத்தனாலில் மிதக்கிறது. 2024-இல் அது ஏற்றுமதி செய்தது சுமார் 190 கோடி கேலன், நம்ம கணக்கில் 700 கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது இந்தியா ஓராண்டு முழுக்கப் பெட்ரோலில் ஊற்றிய அளவும், அமெரிக்கா தன் தேவை போக வெளியே விற்ற அளவும் கிட்டத்தட்ட ஒன்று. எரிபொருள் எத்தனாலுக்கும் கதவைத் திறங்கள் என்று வாஷிங்டன் இந்தியாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

பற்றாக்குறை போய், இப்போது மிச்சம்

2023-24-இல் கரும்பின் இடத்தை மக்காச்சோளம் பிடித்தது. இந்திய எத்தனாலுக்கு மிகப்பெரிய மூலப்பொருளே இன்று அதுதான். விளைவு: மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையில் இதை நேரடியாக உணர்ந்தார்கள். முட்டைக்கும் எத்தனாலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இதுதான்.

உறுதியான விலையை நம்பிப் புது ஆலைகள் குவிந்தன. 2025-26-க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் தருவதாகச் சொன்னது 1,776 கோடி லிட்டர். கடன் வாங்கி ஆலை கட்டியவர்களுக்கு 700 கோடி லிட்டருக்கு மேல் விற்க இடமில்லை. பத்து வருஷமாக மறந்துபோன 'ஏற்றுமதி' என்ற சொல் இப்போது மறுபடி கேட்பது இதனால்தான்.

ஆனால் எங்கே விற்பது? மேலே சொன்ன விலையைத் திரும்பப் பாருங்க. மக்காச்சோள எத்தனால் நம்ம நாட்டில் 71.86 ரூபாய், அமெரிக்காவில் 33 முதல் 44. வாசலிலேயே தோற்கும் ஆட்டம் அது. உள்நாட்டுக் கெமிக்கல் ஆலைகளுக்கு விற்கலாமே என்றால், அவர்களுக்கும் வரி இல்லாத அமெரிக்கச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறது. சலுகையை எடுத்துவிட்டால் வடிப்பாலைக்கு வாடிக்கையாளர் கிடைப்பார், எத்தில் அசிட்டேட் ஏற்றுமதியாளர் சீனாவிடம் சந்தையை இழப்பார். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைத் தள்ள வேண்டிய நிலை. என் பார்வையில், கையில் இருக்கும் ஏற்றுமதிச் சந்தையைப் பணயம் வைத்து, ஆலைத்திறனை அளவுக்கு மீறிக் கூட்டியதன் சுமையை கெமிக்கல் ஆலைகளின் தலையில் ஏற்றுவது சரியான பேரம் இல்லை.

2025 செப்டம்பரில் அரசு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. வைக்கோல், மூங்கில் போன்ற உணவல்லாத பொருட்களில் எடுக்கும் இரண்டாம் தலைமுறை எத்தனாலை, மூலப்பொருள் சான்றும் அனுமதியும் இருந்தால் ஏற்றுமதி செய்யலாம் என்றது. எரிபொருளுக்கும் அனுப்பலாம், ஆலைப் பயன்பாட்டுக்கும் அனுப்பலாம். இதில் சோளமோ கரும்போ போட்டியில் இல்லை என்பது நல்ல விஷயம். அளவு என்று பார்த்தால், பானிபட்டில் இந்தியன் ஆயில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையின் திறன் ஆண்டுக்கு சுமார் 3 கோடி லிட்டர். அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எடுக்கும் ஆலையின் திறன் சுமார் 6 கோடி லிட்டர். இரண்டும் முழுத்திறனில் ஓடி, ஒரு சொட்டு விடாமல் கப்பலேறினாலும் 9 கோடி லிட்டர்தான் ஆகும்.